காவல் வாகனம் எங்கே நின்றது?

2025 ஜூன் 28 அன்று, சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் காவல்துறையின் பிடியில் உயிரிழந்தார். நகை காணாமற்போன புகாரில் தனிப்படையினர் அவரைப் பிடித்துச் சென்றிருந்தனர். அவர் தாக்கப்படும் காட்சி பதிவானது கோயிலின் பின்புறமிருந்த மாட்டுத் தொழுவத்தில். மறைவிலிருந்து ஒருவர் அதைக் கைப்பேசியில் எடுத்திராவிட்டால், அந்த இடம் வழக்கிற்குள் வந்திருக்குமா என்பதே நம் முதற்கேள்வி.

காவல் நிலையங்கள் அனைத்திலும் கண்காணிப்புக் கேமரா பொருத்தவும், பதிவுகளை 18 மாதங்கள் பாதுகாக்கவும் 2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கேமரா நிலையத்தின் சுவர்களுக்குள் மட்டுமே பார்க்கும். தொழுவமும் தோப்பும் தனியார் விடுதியும் அதன் கண்ணுக்கு எட்டா. கைது செய்யப்பட்டவர் எங்கு வைக்கப்பட்டுள்ளார் என்பதை உறவினருக்குத் தெரிவிக்க வேண்டுமென டி.கே. பாசு வழக்கில் 1996-லேயே விதிக்கப்பட்டது. அந்த விதியைச் சோதித்தறியும் கருவியாக ஜிபிஎஸ் அமைய முடியும். அவசர அழைப்புகளுக்கு விரையும் ரோந்து வாகனங்கள் பலவற்றில் அது ஏற்கெனவே உண்டு.

தலித் மக்களுக்கு இதில் மற்றொரு பயனும் உள்ளது. சேரி தாக்கப்படுகையில் காவல்துறை எப்போது வந்தது, வந்ததா என்பதே பல வழக்குகளில் தீராத தகராறு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியரைத் தண்டிக்கிறது. ஆனால் புறக்கணிப்பை மெய்ப்பிக்கும் சுமை பாதிக்கப்பட்டவர்மீதே விழுகிறது. வாகனத்தின் நேரமும் தடமும் கிடைத்தால் அச்சுமை குறையும்.

எனினும் பதிவு யார் கையில் இருக்கிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கும். 2020-இல் தந்தையும் மகனும் சித்திரவதைக்கு உள்ளான சாத்தான்குளம் காவல் நிலையத்தில் கேமரா இருந்தது. ஒரு டெராபைட் கொள்ளளவும் இருந்தது. ஆயினும் பதிவுகள் அன்றாடம் தாமாகவே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை விசாரணைக்குச் சென்ற நீதித்துறை நடுவர் கண்டறிந்தார்.

எனவே நாம் கோருவன இவை: தனிப்படைகள் பயன்படுத்தும் தனியார் வாகனங்கள் உட்பட அனைத்திற்கும் இடமறிகருவி, பதிவுகள் காவல்துறைக்கு வெளியே, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் சேமிக்கப்படுதல், கைதானவரின் குடும்பமும் வழக்கறிஞரும் கேட்டவுடன் அவற்றைப் பெறும் உரிமை, கருவி அணைக்கப்பட்டிருந்தால் அதற்கு விளக்கமளிக்கும் பொறுப்பை அதிகாரியே ஏற்றல்.

இதே தொழில்நுட்பம் நம் மக்கள்மீது திரும்பும் ஆபத்தையும் நாம் மறக்கலாகாது. பிணையில் வெளிவருபவர் தம் இருப்பிடத்தைக் கூகுள் வரைபடம் வழியாக விசாரணை அதிகாரிக்குக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை, அந்தரங்க உரிமைக்கு எதிரானதென 2024 ஜூலை 8 அன்று உச்ச நீதிமன்றம் நீக்கியது. குடிமக்களின் இருப்பிடத்தை அறிய இத்தனை ஆர்வம் காட்டும் அரசு, தன் சீருடையினர் பணி நேரத்தில் எங்கிருந்தனர் என்பதைச் சொல்ல ஏன் தயங்குகிறது?

சாதி வெறுப்பை எந்தக் கருவியும் போக்காது. ஆயினும் 'நாங்கள் அங்கே இல்லை' என்ற பொய்யைச் சொல்வது கடினமாகும். நீதிமன்றத்தில் வெறுங்கையோடு நிற்கும் குடும்பத்திற்கு அதுவே பெருந்துணை.