சிவகாசியில செட்லரை இறக்கினா ரீஸ்டார்ட் பண்ணுவீங்களா?

சிவிலைசேஷன் 4 (2005) ஆடுற மக்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு ஒரு வியாதி உண்டு. கேம் ஆரம்பிச்சதும் செட்லர் நிக்கிற இடத்தைச் சுத்திப் பார்ப்பாங்க. புல்வெளி, ஆறு, பக்கத்துல ரெண்டு குன்று இருந்தா நகரம் எழும்பும். பாலைவனமா இருந்தா உடனே ரீஸ்டார்ட் :-)

கணக்கு என்னமோ சரிதான். நகரத்துல ஒரு ஆளுக்கு டர்னுக்கு 2 சாப்பாடு வேணும். புல்வெளி 2 சாப்பாடு தரும். சமவெளி 1 சாப்பாடு, 1 ஹாமர், அதாவது உற்பத்தி. வெறும் பாலைவனம் ரெண்டுலயும் முட்டை. முதல் வொர்க்கரும் அடுத்த செட்லரும் எவ்வளவு சீக்கிரம் வெளிய வரும்ங்கிறது இதுலதான் இருக்கு.

இதே கணக்கை எங்க விருதுநகர் மாவட்டத்து மேல போட்டுப் பார்ப்போமா?

ஸ்ரீவில்லிபுத்தூர்: மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம், கண்மாய்ப் பாசனம், மாடு. சாப்பாடு உபரி. ஆண்டாள் கோயிலோட பதினோரு நிலைக் கோபுரமும், 2019ல புவிசார் குறியீடு வாங்கின பால்கோவாவும் அந்த உபரியில வந்ததுதான்னு நான் சொல்வேன்.

ராஜபாளையம்: அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தென்மேற்கே. மலைத் தண்ணி, மாந்தோப்பு, கிழக்கால பருத்தி விளையிற கரிசக்காடு. சாப்பாடும் ஹாமரும் சரிசமம். 1936ல பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸ் ஆரம்பிச்சார். ஊரே பஞ்சாலை ஊர் ஆயிருச்சு.

சிவகாசி: ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிழக்கே இருபது கிலோமீட்டர். வானம் பார்த்த பூமி. சந்தேகமே இல்லாம ரீஸ்டார்ட் கேஸ். ஆனா 1920களின் தொடக்கத்துல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்தாங்க. குச்சியும் மருந்தும் காய வெயில் வேணும். மழை இல்லாததே வசதியாப் போச்சு.

"பார்த்தீங்களா, நிலம் ஒரு மேட்டரே இல்ல, உழைச்சா போதும்"னு இங்கேயே முடிச்சா கைதட்டல் கிடைக்கும். எனக்கு அதுல உடன்பாடு இல்லீங்க.

காரணம் கேமுக்குள்ளயே இருக்கு. ஹாமர் வராத நகரத்துல நாம என்ன பண்றோம்? ஸ்லேவரிக்கு மாறி சாட்டை பட்டனை அமுக்குறோம். ஒரு ஆள் காலி, 30 ஹாமர் வரவு. ஜனங்க பத்து டர்ன் முணுமுணுப்பாங்க, அப்புறம் மறந்துடுவாங்க.

சிவகாசிப் பக்கம் அந்தச் சாட்டை குழந்தைங்க மேல விழுந்துச்சு. மழை பொய்ச்ச கிராமங்கள்ல விடியறதுக்கு முன்னாடியே பிள்ளைங்களை பஸ்ஸுல ஏத்தித் தீப்பெட்டி வேலைக்குக் கொண்டு போனாங்க. வேலைக்கு வச்ச ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டணும்னு எம்.சி. மேத்தா வழக்குல உச்ச நீதிமன்றம் சொன்னது 1996லதான். பட்டாசுலயும் உயிர் போறது நிக்கல. 2012ல முதலிப்பட்டி ஆலை விபத்துல மட்டும் முப்பது பேருக்கு மேல செத்தாங்க.

ஆரம்ப நிலம் ஒரு ஊரோட தலையெழுத்து இல்லதான். ஆனா நிலம் குடுக்காத ஹாமரை யாரோ ஒருத்தர் உடம்புல இருந்துதான் எடுக்குறாங்க. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மாடு குடுத்துச்சு, ராஜபாளையத்துக்குக் கரிசல் குடுத்துச்சு. சிவகாசிக்குச் சின்னச் சின்னக் கைங்க குடுத்துச்சு.

அதனால மக்களே, "பாலைவனத்துல ஆரம்பிச்சும் ஜெயிச்சேன்"னு அடுத்த தடவை பெருமையா எழுதும்போது, சாட்டையை எத்தனை தடவை அமுக்கினீங்கன்னும் சேர்த்து எழுதுங்க.