ஜாடிக்கும் பீப்பாய்க்கும் ஒரே சட்டமா?

ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கிழவன் எதைப் பற்றி எழுதுகிறான் பார் என்று சிலர் முகம் சுளிக்கலாம். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுபத்து நாலு வயது. பியர், பிராந்தி எதையும் தொட்டதில்லை. இனிமேலும் உத்தேசம் இல்லை. ஆனாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அமெரிக்காவிலிருந்து என் மருமான், அதாவது அக்கா பையன், ஒரு வருஷம் இங்கேயே இருந்து வேலை பார்ப்பதாக வந்திருக்கிறான். நல்ல பிள்ளை. காலையில் எழுந்து அம்மா மண்டபத்தில் குளித்துவிட்டு வருகிறான். போன மாதம் ஒரு நாள் கொல்லைப்புறத்தில் பழைய சாமான் போட்டு வைத்திருக்கும் அறையை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தான். என்னடா என்றேன்.

"மாமா, இங்கே ஒரு செட்டப் போடலாம்னு இருக்கேன். அங்கே ஆத்துலயே பியர் பண்ணிண்டிருந்தேன், இருபது லிட்டர். நன்னா வந்தது. இங்கேதான் இடம் இருக்கே, ஒரே தடவையில 200 லிட்டர் போடலாம். ஃப்ரெண்ட்ஸுக்கெல்லாம் கொடுக்கலாம்."

முடியாது என்று சொல்லிவிட்டேன். அவனுக்குக் கோபம். "உங்களுக்கு ஆசாரம் மாமா, வேற ஒண்ணும் இல்லை" என்றான். ஆசாரம் காரணமில்லை. காரணங்களை அவனிடம் சொன்னேன். உங்களிடமும் சொல்கிறேன்.

முதல் காரணம் கணக்கு. பியர் புளிக்கும்போது சர்க்கரை பாதி ஆல்கஹாலாகவும் பாதி கரியமில வாயுவாகவும் மாறுகிறது. 200 லிட்டர் பியர் புளிக்கிறது என்றால் மூன்று நாலு நாளில் ஏறக்குறைய 4,000 லிட்டர் கரியமில வாயு வரும். எங்கள் கொல்லை அறை பத்துக்குப் பத்து, பத்தடி உயரம். அதில் மொத்தமே 28,000 லிட்டர் காற்றுதான். ஜன்னலைச் சாத்திவிட்டு ஏசி போட்டால் (போடத்தான் வேண்டும், பியர் ஈஸ்ட்டுக்கு 20 டிகிரி வாக்கில் குளிர்ச்சி வேண்டும், திருச்சி மே மாதத்தில் 40) அந்த வாயு வெளியே போகாது. காற்றை விடக் கனமானது, தரையில் தேங்கும். காற்றில் நூற்றுக்குப் பத்துப் பங்கு சேர்ந்தாலே ஆள் மயங்கி விழுவான். நம் பெரியவர்கள் பாழுங்கிணற்றில் இறங்கும் முன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். விளக்கு அணைந்தால் இறங்கமாட்டார்கள். இருபது லிட்டருக்கு இந்தக் கவலை இல்லை. இருநூறுக்கு உண்டு. பத்து மடங்கு பாத்திரம் என்றால் பத்து மடங்கு பியர் மட்டும் வராது, ஆபத்தும் கூடவே வரும்.

பாட்டில் விஷயம் வேறு. பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் பாய்லர் பக்கம் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன் நான். அழுத்தம் தாங்கும் பாத்திரம் என்றால் என்ன, அதை எப்படிச் சோதிக்க வேண்டும் என்பது தெரியும். புளிப்பு முடியும் முன் மூடி போட்ட கண்ணாடி பாட்டில், சோதனை செய்யாத பாய்லர் மாதிரி. ஒன்று இரண்டு வெடித்தால் சுத்தம் பண்ணிவிடலாம். முந்நூறு பாட்டில் அடுக்கி வைத்த அறையில் வெடித்தால்? அப்புறம் நாற்பது கிலோவுக்கு மேல் பார்லி மால்ட். வெந்த சக்கை அத்தனையும் மாட்டுக்கு நல்ல தீனிதான். ஆனால் எங்கள் தெருவில் மாடு கட்டியிருக்கும் வீடு இப்போது எது?

இரண்டாவது காரணம் சட்டம். "அங்கே வருஷத்துக்கு 200 காலன் வரைக்கும் பண்ணலாம் மாமா" என்றான். வாஸ்தவம். 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டம். ஒரு வீட்டில் பெரியவர்கள் இருவர் இருந்தால் வருஷத்துக்கு 200 காலன், ஒருவர்தான் என்றால் 100. விற்கக் கூடாது. இங்கிலாந்தில் அதற்கும் முன்பே, 1963இல், வீட்டில் பியர் செய்ய லைசென்ஸ் வேண்டாம் என்று ஆக்கிவிட்டார்கள். ஆனால் நாம் இருப்பது தமிழ்நாட்டில். இங்கே 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது. ராஜாஜி காலத்தில் அக்டோபர் 1ஆம் தேதி சேலம் ஜில்லாவில் முதலில் அமலானது. பிறகு எத்தனையோ தடவை கடை திறந்தார்கள், மூடினார்கள், மறுபடி திறந்தார்கள். 2003லிருந்து அரசாங்கமே டாஸ்மாக் கடையில் சில்லறையாக விற்கிறது. ஆனால் வீட்டில் செய்பவனுக்கு அந்தப் பழைய சட்டம் அப்படியே நிற்கிறது. செய்வது மட்டுமில்லை, செய்வதற்கென்று பாத்திரமும் பண்டமும் வைத்திருப்பதே குற்றம்.

ஆகவே மருமானுக்கு நான் சொன்னது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. காரணம் என் பொன்மலை சிநேகிதர்.

ஒர்க்‌ஷாப்பை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்குக் கொண்டுவந்தது 1928இல். அதோடு வந்து குடியேறிய ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் ஒன்று அவருடையது. நவம்பர் பிறந்தால் அவர் வீட்டுச் சமையலறை மூலையில் பெரிய பீங்கான் ஜாடி வந்து உட்காரும். கறுப்புத் திராட்சை, சர்க்கரை, ஒரு பிடி கோதுமை, கொஞ்சம் ஈஸ்ட், பட்டை, கிராம்பு. மரக்கரண்டியால் தினம் ஒரு தடவை கிளறி, மேலே வெள்ளைத் துணி கட்டி வைப்பார்கள். மூன்று வாரத்தில் வடிகட்டினால் கிறிஸ்துமஸுக்கு ஐந்தாறு பாட்டில் வரும். அவருடைய பாட்டி செய்தது, அம்மா செய்தது, மனைவி செய்தது. நான் போனால் எனக்குக் காபி, முட்டை போடாத கேக். மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு சின்ன கிளாஸ். அதற்கு மேல் யாரும் கேட்டதும் இல்லை, கொடுத்ததும் இல்லை.

2024 டிசம்பரில் போனேன். ஜாடி இருந்த மூலையில் தண்ணீர் கேன் இருந்தது. எங்கே என்றேன். "கள்ளக்குறிச்சிக்கு அப்புறம் சட்டத்தை இன்னும் டைட் பண்ணிட்டாங்கப்பா. வயசான காலத்துல யாராவது எழுதிப் போட்டா, ஸ்டேஷன்ல போய் நிக்கவா?" என்றார். அவ்வளவுதான் பேசினார். மூன்று தலைமுறை ஜாடி பரணுக்குப் போய்விட்டது.

கேட்கிறேன். கள்ளக்குறிச்சிக்கும் அந்த ஜாடிக்கும் என்ன சம்பந்தம்?

2024 ஜூனில் கருணாபுரத்தில் 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தது திராட்சை புளித்ததால் இல்லை. மெத்தனாலால். அதற்கு முந்தின வருஷம் மே மாதம் மரக்காணத்தில் செத்ததும் அதே மெத்தனாலால். பெயின்டுக்கும் பிசினுக்கும் போகவேண்டிய ரசாயனம், ஆலைச் சரக்கு. அதைத் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்து தண்ணீரில் கலந்து பாக்கெட்டில் அடைத்து விற்றார்கள். யாரும் எதையும் புளிக்க வைக்கவே இல்லை! ஜாடியில் புளித்த பழத்தில் மெத்தனால் துளியூண்டு வரலாம், ஆளைக் கொல்லும் அளவுக்கு வராது. இது கல்லூரி கெமிஸ்ட்ரி. ஆனால் நாம் பேப்பரில் படிப்பதெல்லாம் "சாராய ஊறல் அழிப்பு" என்ற ஒரே வார்த்தை. ஊற வைப்பது வேறு, காய்ச்சி வடிப்பது வேறு, விஷத்தைக் கலந்து விற்பது வேறு. மூன்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டோம். அதன் பலன் என்ன? கொரோனா சமயம் 2020இல் கடை மூடியபோது, ஊற வைப்பதற்கும் வடிப்பதற்கும் வித்தியாசம் தெரியாத பையன்கள் யூடியூபைப் பார்த்துக் குக்கரில் காய்ச்சி மாட்டிக்கொண்டார்கள். குக்கர் வெயிட்டைக் கழற்றிக் குழாய் சொருகுவது எவ்வளவு விபரீதம் என்று பாய்லர்காரன் எனக்குத் தெரியும். அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

இன்னொரு வேடிக்கை. நம் ஆத்துப் பெண்களுக்குப் பிரசவம் ஆனதும் தசமூலாரிஷ்டம் கொடுப்போமே, அது எப்படிச் செய்கிறார்கள்? கஷாயத்தில் வெல்லம் போட்டு, காட்டாத்திப் பூ போட்டு, மூடிப் புளிக்க வைக்கிறார்கள். அதில் இருப்பதும் ஆல்கஹால்தான், பியரை விடக் கூடுதலாகக்கூட இருக்கும். லைசென்ஸ் வாங்கியவர் செய்தால் மருந்து. மாதா கோயில் பூசைக்கான திராட்சை ரசத்துக்கும் லைசென்ஸ் உண்டு. பனையில் கட்டும் கலயத்துக்கு உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். அந்தச் சுண்ணாம்புதான் 1987 ஜனவரி 1 முதல் நம் ஊரில் தொழிலாளியையும் குற்றவாளியையும் பிரிக்கிறது. பனை நம் மாநில மரம் என்பதையும் மறக்க வேண்டாம். ஆக, புளிப்பதில் அரசாங்கத்துக்கு ஆட்சேபம் இல்லை. கவுண்டர் வழியாக வராததில்தான் ஆட்சேபம்.

"விட்டால் ஊரெல்லாம் காய்ச்சுவான், குடும்பம் நாசமாகும்" என்பீர்கள். இந்தக் கவலையை நான் அலட்சியம் செய்யவில்லை. குடியால் அழிந்த குடும்பங்களை ஒர்க்‌ஷாப்பிலேயே பார்த்திருக்கிறேன். சம்பள நாளில் கேட் வாசலில் குழந்தையோடு நின்ற பெண்களை மறக்கமாட்டேன். ஆனால் அவர்கள் புருஷன்மார் யாரும் வருஷத்துக்கு ஒரு தடவை, மூன்று வாரம் காத்திருந்து, திராட்சை ரசம் செய்தவர்கள் இல்லை. கடைக்குப் போய், காசு கொடுத்து, நின்ற இடத்தில் குடித்தவர்கள். குடியைக் குறைக்க வேண்டுமானால் அங்கே கை வையுங்கள்.

ஜாடிக்கு ஒரு அளவு வையுங்கள். வீட்டுக்கு வருஷத்துக்கு இத்தனை லிட்டர், பண்டிகைக்கு, வீட்டாருக்கு. விற்றால் குற்றம். காய்ச்சி வடித்தால் குற்றம். அளவு தாண்டினால் லைசென்ஸ், காற்றோட்டம், சோதனை எல்லாம் கட்டாயம். இட்லி மாவு வீட்டுக்கு அரைத்தால் யாரும் கேட்பதில்லை. தெருவுக்கே அரைத்து விற்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். இந்தப் புத்தி நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. இதில் மட்டும் ஏன் இல்லை? ஜாடிக்கும் பீப்பாய்க்கும் மெத்தனால் கேனுக்கும் ஒரே பயத்தைக் காட்டினால், பயப்படுவது என் சிநேகிதர் மாதிரி ஆட்கள்தான். கேன் கடத்துகிறவன் பயந்ததாகத் தெரியவில்லை.

மருமான் டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டான். அந்த அறையைச் சுத்தம் பண்ணி இப்போது அவன் ஆபீஸ் வேலை பார்க்கிறான். இந்த டிசம்பரில் அவனையும் கூட்டிக்கொண்டு பொன்மலைக்குப் போகப்போகிறேன். அந்த ஜாடியைப் பரணிலிருந்து இறக்கி ஒரு தடவை அவனுக்குக் காட்டச் சொல்ல வேண்டும். காலி ஜாடிதான். அதைக் காட்டுவதும் குற்றமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.