கேரவன்ல நைட் ஸ்டேயா பாஸ்? ஏசிக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க!

ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க. மலை உச்சி, பனிமூட்டம், வேனின் பின்கதவைத் திறந்தா மெத்தை, கையில ஒரு டீ கப். உடனே ஃப்ரெண்ட்ஸ் குரூப்ல யாராவது ஒருத்தர், "மச்சி, பழைய வேன் ஒண்ணு வாங்கி நாமளே செஞ்சா என்ன?"ன்னு கேட்டிருப்பார்.

நல்ல ஐடியாதான். ஆனா, ரீல் 30 செகண்ட்ல முடிஞ்சிடும். வேனுக்குள்ள நீங்க கழிக்கப்போறது எட்டு மணி நேர ராத்திரி.

2024 டிசம்பர் 23. கேரள மாநிலம் வடகரையில், தேசிய நெடுஞ்சாலை ஓரம் நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் கொடைக்கானலுக்கு டூர் போன இரண்டு இளைஞர்கள், பார்பிக்யூ அடுப்புக் கரியை அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கி உயிரிழந்தார்கள். இடம் வேறு, வாயு ஒன்றுதான்.

இதை 'கவனக்குறைவு'ன்னு ஒரே வார்த்தையில கடந்துபோயிட முடியாது. கரென்ட் கனெக்‌ஷன் இல்லாத இடத்துல, அதாவது 'ஆஃப் கிரிட்'டா தங்குற வண்டியில ஜெனரேட்டர் ஏன் வருது? அதுல ஒரு கணக்கு இருக்கு.

ஒரு யூனிட் வாழ்க்கை

வீட்டு மீட்டர்ல பார்க்குற அதே யூனிட்தான். 30 வாட் ஃபேன் ஒன்று எட்டு மணி நேரம் ஓடினால் கால் யூனிட். சின்ன 12 வோல்ட் ஃப்ரிட்ஜ் நாள் முழுக்க ஓடினால் சுமார் அரை யூனிட். எல்.இ.டி லைட், போன், லேப்டாப் எல்லாம் சேர்த்து இன்னொரு கால் யூனிட். ஆக, ஒரு நாளைக்கு ஒரு யூனிட்.

12 வோல்ட், 200 ஆம்பியர் ஹவர் லித்தியம் பேட்டரியில் சுமார் 2.5 யூனிட் நிற்கும். வெயிலே வரலைன்னாலும் ரெண்டு நாள் ஓட்டிடலாம். மேலே 400 வாட் சோலார் பேனல் போட்டால், நல்ல வெயில் நாளில் ஒன்றரை யூனிட் வரை திரும்ப ஏறும். கணக்கு அழகா டேலி ஆகுது இல்லையா?

இப்போ இதுல ஒரு டன் ஏசியைச் சேருங்க. ஒரு ராத்திரிக்கு மட்டும் நாலைந்து யூனிட் கேட்கும். பாதி ராத்திரியிலேயே பேட்டரி கைவிரிச்சிடும். பேனலைக் கூட்டலாம்னா கூரையில இடம் இல்லை. இந்த இடத்துலதான் ஜெனரேட்டர் உள்ளே வருது. அதாவது, ஆபத்து ஜெனரேட்டர்ல ஆரம்பிக்கலை. 'ஹோட்டல் ரூம் சுகம் அப்படியே வேணும்'னு நாம முடிவு பண்ணும்போதே ஆரம்பிச்சிடுது.

ஏசி தேவைப்படாத சீசனையும் ஊரையும் தேர்ந்தெடுங்க. கூரையில காற்றை வெளியே தள்ளுற ஃபேன், ஜன்னல்ல கொசுவலை... இது போதும்.

மூக்கை நம்பாதீங்க

கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். விழித்திருந்தால் தலைவலி, குமட்டல் என்று ஏதாவது தெரியும். தூக்கத்தில் அதுவும் தெரியாது.

அதனால கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒண்ணு, படுக்கைக்குப் பக்கத்துல கட்டாயம். சமையல் கேஸ் கதை வேற. அது காற்றைவிடக் கனமானது; கசிந்தால் தரையோடு தேங்கும். அதுக்கான அலாரம் தரைக்குப் பக்கத்துல இருக்கணும். சிலிண்டர் வைக்கிற பெட்டியின் அடியிலும் வெளியே திறக்கிற ஓட்டை வேணும். சமையலை முடிஞ்சவரை வண்டிக்கு வெளியே வெச்சுக்கோங்க. குளிருதேன்னு கரி அடுப்பை மட்டும் உள்ளே கொண்டு வராதீங்க.

தண்ணி வரும்... எங்கே போகும்?

சிக்கனமாக இருந்தால் ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பத்து லிட்டர். இரண்டு பேர், மூன்று நாள் என்றால் 60 லிட்டர். 60 கிலோ எடை! அதனால டேங்க்கைத் தாழ்வா, நடுவுல வைங்க. ஹேர்பின் வளைவுகள்ல வித்தியாசம் தெரியும்.

கஷ்டமான கேள்வி அடுத்ததுதான். பாத்திரம் கழுவின தண்ணியையும் டாய்லெட் டேங்க்கையும் எங்கே கொட்டுவீங்க? வெளிநாட்டு கேம்ப் சைட்களில் இதற்கென்றே கழிவு இறக்குமிடங்கள் உண்டு. நம்ம பக்கம் அரசுகள் கேரவன் சுற்றுலாவைப் பேச ஆரம்பித்ததே சமீபத்தில்தான். கேரளா 2021-ல் கொள்கை அறிவித்து, 2022-ல் வாகமனில் கேரவன் பார்க் திறந்தது. வண்டிகள் பெருகுற வேகத்துல அவை நிற்குறதுக்கான இடங்கள் பெருகலை. ப்ளக் பாயின்ட்டும் கழிவு இறக்குற வசதியும் இருக்கிற இடங்கள் வந்தா, ஜெனரேட்டருக்கும் வேலை குறையும், ஓடைகளும் தப்பிக்கும். கேரவன் வாங்கச் சொல்லி விளம்பரம் பண்றதைவிட அவசரமான வேலை இதுதான்.

அதுவரைக்கும், நிரம்பின டேங்க்கை ஊருக்குள்ள கொண்டுவந்து முறையான கழிப்பறையில கொட்டுறது உங்க பொறுப்பு.

பேப்பர் சரியா இருக்கா?

ஆர்.சி-யில் இருக்கும் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. கேரவன்களுக்கென்று ஏ.ஐ.எஸ்-124 என்ற தரநிலையும் இருக்கிறது. சீட்டைக் கழற்றிக் கட்டில் போடுறதுக்கு முன்னாடி ஆர்.டி.ஓ ஆபீஸ்ல கேட்டுடுங்க. விபத்து நடந்தா, இன்ஷூரன்ஸ் கம்பெனி முதல்ல கேட்குறது இதைத்தான்.

நிறுத்துற இடமும் முக்கியம். அனுமதி இல்லாமல் காப்புக்காட்டில் தங்குவது குற்றம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். பந்திப்பூர் காட்டுச் சாலையில் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துத் தடை. தெரிஞ்சவங்க தோட்டமோ எஸ்டேட்டோ இருந்தா, ஓனர்கிட்ட கேட்டு நிறுத்துங்க. அதுதான் நிம்மதியான ஆஃப் கிரிட்!

முதல் டிரிப் வீட்டு வாசல்ல

எல்லாம் ரெடியா? மலைக்குப் போறதுக்கு முன்னாடி வீட்டு வாசல்லயே ஒரு ராத்திரி வண்டியில படுங்க. வீட்டு கரென்ட் தொடக் கூடாது, வீட்டு பாத்ரூம் போகக் கூடாது. காலையில பேட்டரி எவ்வளவு மிச்சம், தண்ணி எவ்வளவு மிச்சம், அலாரம் டெஸ்ட் பட்டனை அழுத்தினா கத்துதான்னு பாருங்க.

அதுல பாஸ் ஆன பிறகு, கொண்டை ஊசி வளைவு ஏறலாம். ரீலை அங்கே போய் எடுத்துக்கலாம் பாஸ்!