தோலைத் துளைக்கும் வைத்தியம்

சருமத்தின் மேலே, ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கே கனமுள்ள ஓர் உயிரற்ற படலம், வெளியிலிருந்து வரும் கிருமியையும் நஞ்சையும் தடுத்துவிடுகிறது. பூசும் மருந்துகளிற் பல உள்ளே செல்லாமற் போவதற்கும் அதுவே காரணம்.

அத்தடையை நுண்ணூசியாற் கடப்பது நேற்று வந்த யுக்தியன்று. பெஞ்சமின் ரூபின் என்பவர் வடிவமைத்த கவட்டு ஊசி, தன் இரு முனைகளுக்கிடையே ஒரு துளி அம்மைப்பாலைத் தாங்கி, புஜத்தில் பதினைந்து முறை விரைந்து குத்தப்பட்டபோது, முன்னர் ஒருவருக்குச் செலவான மருந்து நால்வருக்குப் போதுமானதாயிற்று. 1980-ல் பெரியம்மை ஒழிந்ததென்று உலக சுகாதார ஸ்தாபனம் பிரகடனம் செய்ததில் அச்சிறு கருவிக்கும் பங்குண்டு. ஆனால் அந்த ஊசியைக் கொதிநீரிலிட்டுச் சுத்தி செய்த பிறகே அடுத்தவர் மீது பிரயோகித்தார்கள் என்பதையும் மறத்தலாகாது.

அந்த நியமம் இன்று அழகு நிலையங்களில் எங்கே இருக்கிறது? 'டெர்மாரோலர்' என்னும் ஊசி உருளையை முகத்தில் ஓட்டி, மேற்பூச்சுக்கென்றே தயாரித்த, வாசனைத் திரவியங்களும் கலந்திருக்கக்கூடிய சீரத்தை அந்தத் துளைகளின் மீதே வார்க்கிறார்கள். இவ்வாறு செய்துகொண்ட பெண்களின் முகத்தில் ஒவ்வாமைக் கட்டிகள் எழுந்த செய்தி 2014-ல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளியாயிற்று. அந்நாட்டின் நியூ மெக்ஸிகோவில், உரிமம் பெறாத ஒரு நிலையத்தில் ரத்தத்தையே கலந்து இந்தச் சிகிச்சையைப் பெற்ற பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியது அதனினும் கொடுமை.

கருவியை நான் பழிக்கவில்லை. வழுக்கைக்கு மினாக்சிடில் மட்டும் பூசியவர்களைக் காட்டிலும், அத்துடன் ஊசி உருளைச் சிகிச்சையும் பெற்றவர்களுக்கு முடி நன்கு வளர்ந்ததென்று மும்பை மருத்துவர்கள் 2013-ல் எழுதினார்கள். அவர்களோ, துளையிட்ட பின் ஒரு நாள் கழித்தே மருந்தைத் தடவச் சொன்னார்கள். பொறுமையும் சாஸ்திரமும் கூடிய அந்த நிதானத்தை, மணிக்கணக்கில் வாடிக்கையாளர் காத்திருக்கும் கடைகளில் எதிர்பார்ப்பது வீண்.

தோலைத் துளைத்து மருந்தேற்றுவது அலங்காரமன்று, சிகிச்சையே. ஆதலால் மருத்துவரின் மேற்பார்வையிலன்றி அது நடைபெறாதபடி அரசாங்கம் கண்டிப்பான விதி செய்ய வேண்டும். அதுவரையில் வாசகர்கள், முகத்தைக் கொடுக்குமுன், ஊசி புதியதா, கையாள்பவர் மருத்துவரா என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.