டயர் வெடிப்பது விதியா? நீதிமன்றம் சொன்னதும் நீங்கள் செய்ய வேண்டியதும்

"டயர் வெடிச்சிடுச்சு, நாம என்ன பண்ண முடியும்?" நெடுஞ்சாலை விபத்துகளுக்குப் பிறகு அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இதே வாதத்தை ஒரு காப்பீட்டு நிறுவனம் பம்பாய் உயர் நீதிமன்றம் வரை கொண்டுபோனது. அங்கே எடுபடவில்லை.

வழக்கு என்ன?

2010 அக்டோபரில் புனேயிலிருந்து மும்பைக்குப் போன காரின் பின்பக்க டயர் வெடித்து, கார் பள்ளத்தில் விழுந்தது. சக ஊழியர்களுடன் அதில் பயணம் செய்த 38 வயதுக்காரர் இறந்தார். அவர் குடும்பத்துக்குச் சுமார் 1.25 கோடி ரூபாய் இழப்பீடு தர 2016-ல் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. டயர் வெடித்தது 'கடவுளின் செயல்' என்று சொல்லி நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 2023 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. இது மனித அலட்சியம், பயணத்துக்கு முன் டயரைச் சோதிப்பது ஓட்டுபவரின் பொறுப்பு என்றது.

ஏன் வெடிக்கிறது?

காற்று அதிகமானால்தான் டயர் வெடிக்கும்னு பலர் நினைக்கிறோம். காற்று குறைவதும் அதே அளவு ஆபத்து. குறைந்த காற்றில் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிகிறது, உள்ளே சூடு ஏறுகிறது. ஊருக்குள் 40 கி.மீ. வேகத்தில் இது தெரியாது. கார்களுக்கு மணிக்கு 120 கி.மீ. வரை அனுமதி உள்ள எக்ஸ்பிரஸ்வேயில் நீண்ட நேரம் ஓடும்போது டயர் தாங்காது. 'வெயில் காலம், காற்றைக் குறைச்சுக்கலாம்' என்ற யோசனை தவறாவது இதனால்தான்.

கிளம்பும் முன்

• காற்று: ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் உள்ள அளவுதான் சரி. டயர் சூடாகும் முன் பாருங்கள். முழு லோடுக்குத் தனி அளவு இருக்கும்.
• தேய்மானம்: கார் டயரில் பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ., டூவீலரில் 0.8 மி.மீ. குறைந்தபட்சம் இருக்க வேண்டும் என்பது சட்டம்.
• வயது: பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் தயாரானது.
• ஸ்டெப்னி: 2020 விதித் திருத்தப்படி, ட்யூப்லெஸ் டயர், ரிப்பேர் கிட், காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் சென்சார் மூன்றும் இருந்தால் காருக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. உங்கள் காரில் இருக்கிறதா என்று இன்றே டிக்கியைத் திறந்து பாருங்கள். கிட் ஆணி குத்திய ஓட்டைக்கு உதவும், கிழிந்த பக்கச்சுவருக்கு உதவாது.

ஓடும்போது வெடித்தால்

பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஸ்டீயரிங்கை இரு கைகளாலும் இறுக்கிப் பிடித்து, நேராக வைத்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து மெதுவாகக் காலை எடுங்கள். வேகம் குறைந்ததும் இண்டிகேட்டர் போட்டு இடது ஓரத்துக்கு வாருங்கள். ஹசார்ட் விளக்கைப் போடுங்கள். எல்லோரையும் இடதுபுறம் இறக்கி, தடுப்புக்கு அப்பால் நிற்க வையுங்கள். காருக்குள் உட்கார வேண்டாம்.

வலதுபக்க டயர் போயிருந்தால், வண்டிகள் பறக்கும் பக்கம் குந்தி உட்கார்ந்து மாற்றாதீர்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-ஐ அழையுங்கள். மாற்ற வசதியான இடமாக இருந்தால், ஜாக்கி போடும் முன்பே நட்டுகளைச் சற்றுத் தளர்த்திக்கொள்ளுங்கள்.

அந்த வழக்கில் இறந்தவர் காரை ஓட்டியவர் அல்ல, கூடப் போனவர். வார இறுதியில் நண்பர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது, அந்த ஐந்து நிமிடச் சோதனை அவர்களுக்கும் சேர்த்துத்தான்.