ம்யூஸியத்தில் செத்தது எது?

நம் எழுத்தாளர்கள் டில்லிக்குப் போய்த் திரும்பினால் நேஷனல் ம்யூஸியம் பற்றி இரண்டே அபிப்பிராயங்களில் ஒன்றைக் கொண்டுவருகிறார்கள். ஒன்று: கோயிலில் உயிரோடு இருந்த சிலையை அங்கே பிணமாக்கி வைத்திருக்கிறார்கள். மற்றது: தமிழன் பெருமையைக் கண்டு நெஞ்சு நிமிர்ந்தது. எதிரெதிர்க் கட்சிகள் போலத் தோன்றும். இரண்டும் செய்கிற வேலை ஒன்றுதான். சிலையைப் பார்க்கிற சிரமத்திலிருந்து நம்மைத் தப்புவிக்கின்றன.

முதல் கட்சியின் சரக்கு சொந்தச் சரக்கல்ல. ஆனந்த குமாரசாமியிடமிருந்து வந்தது. கலைப் பொருள்கள் ம்யூஸியத்தில் வைப்பதற்காகச் செய்யப்பட்டவையல்ல என்று வாதாடிய அதே மனிதர் 1917 முதல் 1947-ல் சாகும்வரை பாஸ்டன் ம்யூஸியத்தில் வேலை பார்த்தார். முப்பது வருஷம் பொருள் பொருளாகப் பார்த்துப் பட்டியலிட்டு எழுதினார். அந்த உழைப்பில் அவர் அடைந்த வாக்கியத்தை நாம் உழைப்பில்லாமல் எடுத்து வீசுகிறோம்.

கோயிலில் நாம் பார்ப்பது என்ன? பட்டு, மாலை, சந்தனம், இவற்றுக்கு நடுவே ஒரு முகம், இரண்டு கைகள். திரை விலகும். தீபாராதனை. கன்னத்தில் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வோம். அது வழிபாடு, அதில் எனக்குத் தகராறு இல்லை. அதையே சிற்ப அனுபவம் என்று ஒரு விமர்சகன் சொன்னால் அது பம்மாத்து. இடுப்பின் திருகல், தொடையில் இறங்கும் பாரம், முதுகின் இழுப்பு என்று ஸ்தபதியின் வேலையில் முக்கால்வாசி துணிக்கு அடியில் இருக்கிறது.

டில்லி நேஷனல் ம்யூஸியத்தின் சேகரிப்பில் புதுக்கோட்டைப் பக்கத்துத் திருவரங்குளத்திலிருந்து போன சோழர் கால நடராஜர் ஒருவர் உண்டு. சதுர தாண்டவம். காலைத் தூக்கவில்லை. முழங்கால்கள் மடங்கியிருக்க, பாதங்கள் முயலகன் மேலேயே இருக்கின்றன. நமக்குப் பழகிய நடராஜரில் அசைவு தூக்கிய காலின் வழியாக வெளியே வீசப்படுகிறது. இதில் அது உடம்புக்குள்ளேயே சுருண்டு நிற்கிறது. ஆட்டம் தொடங்கப் போகிறதா, அடங்கிக்கொண்டிருக்கிறதா என்று தீர்மானிக்க முடியவில்லை. எல்.எஃப்.சி.யில் போயிருந்தபோது முக்கால் மணி நேரம் இதன் எதிரில் நின்றேன். நம்மூர்க்காரர்கள் சிலர் வந்தார்கள். 'கால் தூக்கலையே' என்றார் ஒரு அம்மாள். நகர்ந்துவிட்டார்கள். அந்த அம்மாள் சொன்னதுதான் விமர்சனத்தின் முதல் வாக்கியம். கண் வித்தியாசத்தைப் பிடித்துவிட்டது. ஏன் தூக்கவில்லை என்ற இரண்டாவது வாக்கியத்தை எழுத வேண்டியவர்கள் நாம். எழுதியிருக்கிறோமா?

கோயிலில் உயிரோடு இருந்தது என்கிறார்களே, ஸ்ரீபுரந்தான் நடராஜர் பூட்டிக் கிடந்த கோயிலிலிருந்து 2006 வாக்கில் திருடுபோனார். திருட்டு வெளியே தெரிந்தது 2008-ல். அந்த வருஷமே ஆஸ்திரேலிய நேஷனல் காலரி அவரை 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. 2014-ல் டில்லியில் வைத்து நம் பிரதமரிடம் திருப்பிக் கொடுத்தார்கள். இது அந்தச் சிலைதான் என்று காட்ட உதவியது பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனம் முன்பே எடுத்துவைத்திருந்த போட்டோ. உயிர் இருப்பதாக நாம் சொல்லும் இடத்தில் இல்லாத கவனம் ஒரு போட்டோக்காரரிடம் இருந்திருக்கிறது.

இனி பெருமைக் கட்சி. 1947-48-ல் லண்டன் ராயல் அகாடமி கண்காட்சிக்கென்று நாடெங்கும் இரவல் வாங்கிய பொருள்கள் திரும்பி வந்ததும் அவற்றை வைத்தே 1949 ஆகஸ்ட் 15-ல் இந்த ம்யூஸியத்தைத் தொடங்கினார்கள். ஜன்பத் கட்டடம் 1960-ல்தான் திறந்தது. கடன் மூலதனமான கதை பாங்க் குமாஸ்தாவுக்குப் புதிதல்ல. பிரிவினைக்குப் பிறகு மொகஞ்சதாரோ பொருள்களைப் பாகிஸ்தானோடு பங்கிட்டபோது கழுத்தணியைக்கூட மணி மணியாகப் பிரித்துப் பங்கு போட்டார்கள். இதில் எந்த மணியைக் காட்டி மார்தட்டுவது? அங்கிருந்து வந்த நடன மாது நாலு அங்குலத்துக்குச் சற்றே அதிகம். வலது கை இடுப்பில். இடது கை முழுக்க வளையல். மோவாய் கொஞ்சம் தூக்கலாக. யாருடைய பெருமைக்கும் அவள் நிற்பதாகத் தெரியவில்லை.

திருவாலங்காட்டு நடராஜரை ரோடான் நேரில் பார்த்ததில்லை. போட்டோக்களை வைத்துக்கொண்டு எழுதினார், 1921-ல் அச்சாயிற்று. அந்தச் சிலை எழும்பூர் ம்யூஸியத்தைச் சேர்ந்தது. பஸ் ஏறிப் போகக்கூடிய நாம் ரோடானை மேற்கோள் காட்டுகிறோம்.

சிலையோடு போகிற விஷயமானால் இவ்வளவு எழுத மாட்டேன். கவிதையையும் இப்படித்தான் படிக்கிறோம். மரபு போச்சு என்று ஒரு அழுகை. உலகத்தரம் என்று ஒரு சவடால். மூன்றாவது வரி ஏன் அங்கே உடைகிறது என்று யாரும் கேட்பதில்லை. பார்க்கத் தெரியாத கண்தான் நம் விமர்சனத்தில் படிக்கவும் செய்கிறது.

டில்லி போகிறவர்கள் ஒரு நாளைக்கு மூன்று ம்யூஸியம் என்று கணக்கு வைக்க வேண்டாம். ஒரு சிலை, ஒரு மணி நேரம். திரும்பி வந்து இரண்டு பக்கம் எழுதுங்கள். தெய்வீகம், உயிரோட்டம், பெருமிதம் மூன்று சொற்களையும் தொடாமல். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள். விடுமுறை.