படிப்பை முடிக்காதவர்களின் கணக்கு எங்கே?

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் காரைக்கால் வட்டாரத்தில் ஒரே பரபரப்புத்தான். சென்டாக் பட்டியலில் பெயர் வந்துவிட்டதா, அறிஞர் அண்ணா கல்லூரியா, அவ்வையார் பெண்கள் கல்லூரியா, என்ன பாடம் கிடைத்தது என்று திருநள்ளாற்றிலும் நெடுங்காட்டிலும் நிரவியிலும் கூலிக்காரர் வீடுகளில் இதே பேச்சு. தலைமுறை தலைமுறையாகப் பண்ணையில் கிடந்த குடும்பத்திலிருந்து ஒரு பெண் கல்லூரிப் படி ஏறுகிறாள் என்றால் அது சாதாரண விஷயமல்ல. யாரும் தானமாகக் கொடுத்ததுமல்ல, போராடிப் பெற்றது.

சரி, உள்ளே போனவர்களில் எத்தனை பேர் பட்டத்தோடு வெளியே வந்தார்கள்? இதைக் கேட்டால்தான் அதிகாரிகளுக்கு வாய் அடைத்துப் போகிறது.

மத்திய சர்க்கார் உயர் கல்விக்கென்று ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறது. 18 முதல் 23 வயது வரையுள்ள ஜனத்தொகையில் நூற்றுக்கு எத்தனை பேர் என்ற விகிதத்தில் கல்லூரிச் சேர்க்கையை அது சொல்கிறது. 2021-22-இல் இந்தியா முழுவதற்கும் 28.4, தமிழ்நாட்டுக்கு 47, புதுவைப் பிரதேசத்துக்கு 61.5. மந்திரிகள் பெருமை பேச இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் இந்த 61.5-ஐக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். வெளி மாநிலங்களிலிருந்து வந்து இங்குள்ள மருத்துவக் கல்லூரிகளிலும் இஞ்சினீயரிங் கல்லூரிகளிலும் படிப்பவர்களும் இதில் அடக்கம். கோட்டுச்சேரி மீனவர் மகனும், லட்சக் கணக்கில் பணம் கட்டி வந்திருக்கும் வெளியூர்ப் பிள்ளையும் ஒரே எண்ணிக்கைதான். இன்னொன்று, இது சேர்ந்திருப்பவர் கணக்கு. அந்தந்த ஆண்டில் தேறியவர் எத்தனை பேர் என்பதையும் அறிக்கை தனியே சொல்கிறது. ஆனால் ஒரு வருஷம் சேர்ந்தவர்களை எடுத்துக்கொண்டு, அவர்களில் முடித்தவர் யார், நடுவில் நின்றவர் யார் என்று கடைசி வரை தொடர்ந்து பார்க்கும் கணக்கு அதில் கிடையாது.

கல்லூரிகள் போடுகிற தேர்ச்சி சதவிகிதமோ இதைவிட வேடிக்கை. ஒரு வகுப்பில் 60 பேர் சேர்ந்தார்கள் என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருஷத்தில் 20 பேர் நின்றுவிட்டார்கள். மிச்சம் 40 பேர் கடைசிப் பரீட்சை எழுதி, 36 பேர் தேறினார்கள். தேர்ச்சி 90 சதவிகிதம் என்று தட்டி கட்டுவார்கள். சேர்ந்த 60 பேரில் தேறியவர் 36 பேர், அதாவது 60 சதவிகிதம் என்று எந்தத் தட்டியிலும் இருக்காது. அந்த 20 பேர் பிறக்கவே இல்லை என்பது போல!

மில் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உள்ளே போன பஞ்சு எத்தனை கிலோ, வெளியே வந்த நூல் எத்தனை கிலோ, கழிவு எவ்வளவு என்று மானேஜர் விடாமல் கணக்குப் பார்க்கிறான். கழிவு கூடினால் எந்த மெஷின், எந்த ஷிப்ட் என்று விசாரணை நடக்கிறது. வயலில் மிராசுதாரும் அப்படித்தான்; விதைத்தது எத்தனை மரக்கால், கண்டுமுதல் எத்தனை மூட்டை என்பதை மறக்கவே மாட்டார். பஞ்சுக்கும் நெல்லுக்கும் உள்ள கணக்கு உழைப்பாளியின் பிள்ளைக்கு இல்லை.

பார்லிமெண்டில் ஒருமுறை இந்தக் கணக்கில் ஒரு மூலை வெளிச்சத்துக்கு வந்தது. 2023 டிசம்பரில் லோக்சபாவில் மத்தியக் கல்வித் துறை ராஜாங்க மந்திரி சுபாஸ் சர்க்கார் கொடுத்த பதில் இது: அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் மத்தியப் பல்கலைக் கழகங்களிலிருந்து மட்டும் படிப்பை விட்டுப் போனவர்கள் பிற்பட்ட வகுப்பினர் 4,596 பேர், தாழ்த்தப்பட்டோர் 2,424 பேர், பழங்குடியினர் 2,622 பேர். ஐ.ஐ.டி.க்களையும் ஐ.ஐ.எம்.களையும் சேர்த்தால் மொத்தம் 13,626 பேர். 1985-இல் அமைந்த நமது புதுவைப் பல்கலைக் கழகமும் ஒரு மத்தியப் பல்கலைக் கழகம்தான். காரைக்கால் கல்லூரிகளுக்குப் பட்டம் கொடுப்பதும் அதுதான்.

மந்திரி என்ன சமாதானம் சொன்னார்? மாணவர்களுக்கு இப்போது வாய்ப்புக்கள் பல இருக்கின்றன, ஒரு நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கும் ஒரு படிப்பிலிருந்து இன்னொன்றுக்கும் மாறிக்கொள்கிறார்கள் என்றார். மாறிப் போனவர்கள் இருப்பார்கள், மறுக்கவில்லை. அவர்கள் எத்தனை பேர்? செங்கல் சூளைக்கும், திருப்பூர் பனியன் கம்பெனிக்கும், நாற்று நடவுக்கும் மாறிப் போனவர்கள் எத்தனை பேர்? மந்திரியின் சமாதானம் இவர்களையும் அந்த வாய்ப்புக்களிலேயே சேர்த்துவிடுகிறது.

2020-இல் வந்த புதிய தேசியக் கல்விக் கொள்கை இதற்கு அழகான பெயரே வைத்துவிட்டது. ஒரு வருஷத்தில் வெளியேறினால் சர்டிபிகேட், இரண்டு வருஷத்தில் டிப்ளமா, மூன்று வருஷத்தில் பட்டம், நான்கு வருஷத்தில் ஹானர்ஸ். சம்பாதித்த மதிப்பெண்கள் ஏழு ஆண்டுகள் வரை வங்கியில் இருக்கும், திரும்பி வந்து தொடரலாம் என்கிறார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இது ஓர் ஏற்பாடாக இருக்கலாம். அப்பன் படுத்துவிட்டதால் படிப்பை விட்டு, தங்கையின் பள்ளிச் செலவையும் தலையில் சுமக்கிற பையன் ஏழு ஆண்டுக்குள் திரும்பி வருவானா? ஒரு வருஷ சர்டிபிகேட்டுக்கு எந்த முதலாளி வேலை கொடுக்கிறான்? பாதியில் நின்றது என்பதை இனி வெளியேறும் உரிமை என்று எழுதிக்கொள்ளலாம். ஏட்டில் குறை தெரியாது.

பிள்ளைகள் ஏன் நிற்கிறார்கள்? புத்தி போதவில்லை என்று சொல்லும் பெரிய மனிதர்கள் காரைக்காலின் வருஷக் கணக்கைப் பார்க்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. கிளிஞ்சல்மேட்டிலும் பட்டினச்சேரியிலும் விசைப்படகுகள் கரையில் நிற்கும். வீட்டில் வருமானம் நிற்கும். ஏப்ரல், மே மாதங்களில் செமஸ்டர் பரீட்சை. அது முடிந்த கையோடு அடுத்த வருஷக் கட்டணம். வயல் பக்கம் பாருங்கள். மேட்டூரை ஜூன் 12-இல் திறந்தாலும் கடைமடையில் இருக்கிற நமக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும். கோடை முழுவதும் கூலி கிடையாது. கையில் காசே இல்லாத மாதங்களாகப் பார்த்துக் கட்டணத்தை வைத்திருக்கிறார்கள். அறுவடை முடிந்து கூலி கையில் இருக்கிற தை, மாசியில் யாரும் கேட்பதில்லை.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் உதவிப் பணம். தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கான மேல்படிப்பு உதவித் திட்டம் 1944-இல் தொடங்கியது. 2020 டிசம்பரில் மத்திய மந்திரி சபை ஐந்தாண்டுக்கு 59,048 கோடி ரூபாய் என்றும், அதில் 60 சதவிகிதம் தன் பங்கு என்றும் அறிவித்தது. நல்லதுதான். ஆனால் ஜூனில் கேட்கிற கட்டணத்துக்கு உதவிப் பணம் எந்த மாதம் வருகிறது என்று மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். இடையில் வட்டிக்காரன் வந்துவிடுகிறான். 2020 பிப்ரவரியில் புதுவைப் பல்கலைக் கழக மாணவர்கள் கட்டண உயர்வை எதிர்த்துப் போராடியபோது, படிக்க வந்த இடத்தில் கலாட்டா என்று பேசியவர்கள் இதையெல்லாம் யோசித்தார்களா?

பணம் மட்டும்தான் என்றும் சொல்லிவிட முடியாது. தமிழில் படித்து வந்த பிள்ளை முதல் செமஸ்டரில் இங்கிலீஷ் புத்தகத்தின் முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பேப்பர் போகிறது. அரியருக்குத் திரும்பப் பணம் கட்ட வேண்டும். வேலைக்குப் போனால் வருகை நாள் குறையும். வருகை குறைந்தால் பரீட்சை எழுத முடியாது. பெண் பிள்ளை என்றால் சாயந்தர பஸ் தவறிய ஒரு நாள் போதும், கல்யாணப் பேச்சை எடுக்க. இந்த வரிகளை எழுதுகிறவனும் மெட்ரிக்கோடு நின்றவன்தான். வகுப்பில் என் பெயரை அடித்த வாத்தியார் ஏன் வரவில்லை என்று கேட்டு ஆள் அனுப்பவில்லை. அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கு அப்படி ஒரு வேலையை யாரும் கொடுக்கவில்லை.

வெள்ளைக்காரன் காலத்து ஹார்டாக் கமிட்டி 1929-இல் ஆரம்பப் பள்ளிகளைப் பார்த்துவிட்டு இதற்கு "விரயம்" என்று பெயர் வைத்தது. 1964 முதல் 1966 வரை வேலை செய்த கோத்தாரி கமிஷனும் அதே சொல்லைச் சொல்லி, தேச வருமானத்தில் 6 சதவிகிதம் கல்விக்கு வேண்டும் என்றது. 2020-இன் கொள்கையும் அதே 6 சதவிகிதத்தை எழுதி வைத்திருக்கிறது. எழுதுவதற்கென்ன! விரயமானது கடன் வாங்கிக் கட்டிய தகப்பனின் கூலியும் பிள்ளையின் வயதும் என்பதுதான் எந்தக் கமிஷனின் கணக்கிலும் ஏறுவதில்லை.

முதலாளித்துவத்தின் கோட்டையான அமெரிக்காவிலேயே 1990-இல் ஒரு சட்டம் செய்தார்கள். சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்று கல்லூரிகள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அதனால்தான் நமக்குத் தெரிகிறது: அங்கே 2014-இல் நான்காண்டுப் படிப்பில் சேர்ந்தவர்களில் ஆறு ஆண்டுக்குள் முடித்தவர் நூற்றுக்கு 64 பேர், லாபத்துக்காக நடத்தும் கல்லூரிகளிலோ 29 பேர். அவர்கள் லட்சணமும் அவ்வளவுதான். ஆனால் லட்சணம் ஏட்டில் இருக்கிறது, அதை வைத்துச் சண்டை போடலாம்.

ஆகவே புதுவைப் பல்கலைக் கழகம் தன் ஆளுகையிலுள்ள ஒவ்வொரு கல்லூரிக்கும், வருஷ வாரியாக, சேர்ந்தவர், முடித்தவர், நின்றவர் எண்ணிக்கையை ஜாதி, ஆண் பெண், சர்க்கார் பள்ளி என்று பிரித்து வெளியிட வேண்டும். யாருடைய பெயரும் வேண்டாம், எண்ணிக்கை போதும். மூன்று வாரம் வராத மாணவர் வீட்டுக்குக் கல்லூரியிலிருந்து ஆள் போக வேண்டும். தடைக் காலத்திலும் கோடையிலும் கட்டணம் கேட்கக் கூடாது. உதவிப் பணம் வந்தபின் பிடித்துக்கொள்ளட்டும். கட்டண பாக்கிக்காக ஹால் டிக்கெட்டை நிறுத்துவது எங்கே நடந்தாலும் அது நிற்க வேண்டும்.

அவர்கள் கணக்கு வெளிவரும் வரை நாமும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகளும் மில் தோழர்களும் தத்தம் தெருவில் ஒரு நோட்டுப் புத்தகம் போடலாம். கடந்த ஐந்து வருஷத்தில் இந்தத் தெருவிலிருந்து யார் யார் கல்லூரிக்குப் போனார்கள், எந்த செமஸ்டரில் நின்றார்கள், அன்று கட்ட வேண்டியிருந்த தொகை எவ்வளவு. மூன்றாவது கேள்வியைத் தாய்மாரிடம் கேளுங்கள். ரூபாய் கணக்கு அவர்களுக்குத்தான் சரியாக ஞாபகம் இருக்கும்.